கையால் இயக்கிய பழைய வாக்குவம் கிளீனர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீட்டு இயந்திரங்கள் எப்படி அமைக்கப்பட்டன என்று பேசும்போது, கரண்ட் வயரே இல்லாத ஒரு வாக்குவம் கிளீனரின் படத்தைக் காட்டினால் போதும், கேள்விகள் வரிசையாக வந்துவிடும். ஊர் மாறினாலும் ஆள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சு பெரும்பாலும் அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் பற்றியது. இந்த இயந்திரங்கள் பிறந்ததும் புழங்கியதும் அங்கேதான்.

கரண்ட் இல்லாம வாக்குவம் கிளீனரா? அது எப்படி உறிஞ்சும்?

உறிஞ்சுவதற்குக் கரண்ட் வேண்டாம், காற்று நகர்ந்தால் போதும். ஒரு பெட்டிக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளினாலோ, பெட்டியின் உள்ளிடத்தைப் பெரிதாக்கினாலோ உள்ளே அழுத்தம் குறையும். வெளிக்காற்று அங்கே பாயும். பாய்கிற வழியில் கம்பளம் இருந்தால் அதிலுள்ள தூசியையும் சேர்த்து இழுத்துப் போகும். இன்று நாம் வாங்கும் கிளீனரிலும் நடப்பது இதுதான்.

காற்றை நகர்த்த அந்தக் காலத்தில் மூன்று வழிகள் இருந்தன: விசிறி, துருத்தி (விரிந்தால் காற்றை இழுத்து, மூடினால் ஊதும் மடிப்புப் பை), உருளைக்குள் ஓடும் பிஸ்டன். அவற்றை இயக்கும் சக்தி கையிலிருந்தோ காலிலிருந்தோ, தள்ளும்போது உருளும் சக்கரத்திலிருந்தோ வந்தது. எந்தப் பழைய மாடலை எடுத்தாலும் இந்த இரண்டு பட்டியலிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துச் சேர்த்ததாகத்தான் இருக்கும்.

விளக்குமாறு இருக்கே, அப்புறம் எதுக்கு இவ்வளவு கஷ்டம்?

சிமென்ட் தரைக்கோ ஓட்டுத் தரைக்கோ விளக்குமாறே போதும். அங்கே பிரச்சினை கம்பளம். 1840களில் எராஸ்டஸ் பிகலோ கம்பளம் நெய்ய விசைத்தறியைக் கொண்டுவந்த பிறகு, பணக்காரர் வீட்டில் மட்டும் இருந்த கம்பளம் நடுத்தர வீடுகளுக்கும் வந்தது. சுவரிலிருந்து சுவர்வரை விரித்து, ஓரங்களில் ஆணி அடித்துவிடுவார்கள். குளிருக்கு இதம்தான். ஆனால் நிலக்கரி அடுப்பின் கரியும் தெருப்புழுதியும் இழைகளுக்குள் இறங்கிவிடும். விளக்குமாற்றால் கூட்டினால் பாதி அறைக்குள்ளேயே பறந்து, நாற்காலி மேசையில் படிந்து, திரும்பவும் கம்பளத்துக்கே வரும்.

தூசி பறக்காமலிருக்க ஈரமான தேயிலைத் தூளைத் தூவிக் கூட்டுவார்கள். வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ ஆணிகளைப் பிடுங்கி, கம்பளத்தைச் சுருட்டி, வெளியே கொடியில் போட்டு அடிப்பார்கள். வீட்டுப் பெண்களுக்கும் வேலைக்காரப் பெண்களுக்கும் அது முதுகொடிக்கிற வேலை. இந்த இயந்திரங்களைச் சோம்பேறித்தனத்தின் விளைவு என்று சொல்பவர்களிடம் நான் உடன்பட மாட்டேன். கம்பளத்தைக் கழற்றாமல், இருந்த இடத்திலேயே சுத்தம் செய்ய முடிந்தது உண்மையான விடுதலை.

இதை முதல்ல செஞ்சது யாரு?

உறிஞ்சும் யோசனையைக் காப்புரிமையில் எழுதிவைத்த ஆரம்பகால ஆட்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த டேனியல் ஹெஸ். 1860 ஜூலையில் அவர் பெற்ற காப்புரிமையில் சுழலும் பிரஷ் இருக்கிறது, காற்றை இழுக்கத் துருத்தி இருக்கிறது, இழுத்த தூசியைப் பிடித்துவைக்கத் தண்ணீர் அறைகளும் இருக்கின்றன. பிரஷ் தட்டிவிட, காற்று தூக்க, வடிகட்டி பிடிக்க என்று மூன்று வேலைகளையும் ஒரே பெட்டிக்குள் யோசித்த மனிதர். ஆனாலும் அவர் அதற்கு வைத்த பெயர் கார்பெட் ஸ்வீப்பர்தான்.

விற்பனைக்கு வந்து பேர் வாங்கியது அடுத்த இயந்திரம். சிகாகோவைச் சேர்ந்த ஐவ்ஸ் மெக்காஃபி 1869 ஜூனில் காப்புரிமை பெற்ற அதன் பெயர் ‘வேர்ல்விண்ட்’, அதாவது சுழல்காற்று.

கார்பெட் ஸ்வீப்பரும் இதுவும் ஒண்ணுதானே? பிஸ்ஸல்னு ஒரு கம்பெனி இருக்கே?

இல்லை. மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸில் பீங்கான் கடை வைத்திருந்த மெல்வில் பிஸ்ஸல் 1876இல் காப்புரிமை பெற்ற ஸ்வீப்பரில் உறிஞ்சலே கிடையாது. சக்கரம் உருளும், அதனோடு பிரஷ் சுழலும், குப்பையைப் பெட்டிக்குள் எற்றிவிடும். மேலே கிடக்கும் நூல், துணுக்கு, மரத்தூள் எல்லாம் வந்துவிடும். இழைக்குள் இறங்கிய நுண்தூசி வராது. 1889இல் அவர் இறந்ததும் மனைவி அன்னா பிஸ்ஸல் நிறுவனத்தை ஏற்று நடத்திப் பெரிதாக்கினார்.

எளிமை, மலிவு, பழுதாக அதிகம் ஒன்றுமில்லை என்பதால் ஸ்வீப்பர்தான் அப்போது வீடுகளில் ஜெயித்தது. பின்னால் வந்த உறிஞ்சும் இயந்திரங்கள் பலவும் இதன் சக்கரத்தையும் பிரஷையும் எடுத்துக்கொண்டன.

வேர்ல்விண்ட் எப்படி வேலை செஞ்சது? ஏன் ஓடாம போச்சு?

நீளமான கம்பு, அதன் அடியில் தரையோடு ஒட்டிய வாய், வாய்க்கு மேலே ஒரு விசிறி. மேல்முனையில் இருக்கும் சுழற்று கைப்பிடியிலிருந்து ஒரு பெல்ட் கீழே விசிறிவரை போகும். ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே மறு கையால் இயந்திரத்தைத் தள்ள வேண்டும். பார்க்க அழகான, எடை குறைந்த அமைப்பு. 1869ஐ நினைத்துப் பார்த்தால் துணிச்சலான யோசனை.

சிக்கல் உடம்பில் இருந்தது. ஒரு கை வட்டமாகச் சுற்ற, இன்னொரு கை நேராகத் தள்ள, இரண்டையும் சீராக வைத்திருப்பது சுலபமில்லை. தள்ளுவதில் கவனம் போனால் சுற்றுவது மெதுவாகும், உறிஞ்சல் விழும். விலை 25 டாலர். சாதாரணத் தொழிலாளிக்கு அது பல நாள் கூலி. போதாததற்கு 1871இல் சிகாகோவையே எரித்த பெருந்தீயில் ஏராளமான இயந்திரங்கள் அழிந்தன. இன்று மிஞ்சியிருப்பவை மிக அரிது.

விசிறி நல்ல யோசனைதானே? அப்புறம் ஏன் எல்லாரும் துருத்திக்குப் போனாங்க?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் இந்த இயந்திரங்களின் கதை முழுவதும் இதற்குள் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உறிஞ்சலின் பலத்தை, ஒரு குழாயில் அது தண்ணீரை எவ்வளவு உயரம் தூக்கும் என்று அளப்பது வழக்கம். இன்றைய வீட்டுக் கிளீனர் ஏறத்தாழ 200 செ.மீ. தூக்கும்.

இப்போது 20 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு விசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை நொடிக்கு ஒரு சுற்று சுற்றுகிறோம், பெல்ட் அதை 15 மடங்காக்குகிறது என்று வைத்தால் விசிறி நிமிடத்துக்கு 900 சுற்று ஓடும். அதன் விளிம்பின் வேகம் நொடிக்கு 9 மீட்டர் சொச்சம். அந்த வேகத்தில் ஒரு சாதாரண விசிறி தரக்கூடிய உறிஞ்சல் தண்ணீரை ஒரு சென்டிமீட்டர் தூக்கினாலே அதிகம். விசிறியின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசிதான். கை எப்போதும் மெதுவானது, அதனால் விசிறிக்குக் கை பொருத்தமான துணை இல்லை.

துருத்திக்கு வேகம் தேவையில்லை, பலம்தான் தேவை. 20 செ.மீ. சதுரப் பலகை கொண்ட துருத்தியைப் பத்துக் கிலோ எடையைத் தூக்கும் பலத்தோடு விரித்தால் 25 செ.மீ. தண்ணீர் அளவுக்கு உறிஞ்சல் கிடைக்கும். அதே மனிதர், அதே கை, இருபது மடங்குக்கும் மேல் வித்தியாசம். மெதுவாக ஆனால் அழுத்தமாக இயங்கும் தசைக்குத் துருத்திதான் சரியான ஜோடி என்பதை அன்றைய வடிவமைப்பாளர்கள் பட்டறிந்து கண்டுபிடித்தார்கள்.

துருத்தி ஊதுறதுக்குத்தானே? மூடும்போது உறிஞ்சின தூசி எல்லாம் திரும்ப வெளியே வந்துடாதா?

கொல்லர் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொண்டால் இந்தச் சந்தேகம் நியாயமானதே. அதுவும் விரியும்போது காற்றை இழுக்கிறது, மூடும்போது ஊதுகிறது. அங்கே ஊதும் வாய்க்குத்தான் வேலை. இங்கே இழுக்கும் வாய்க்கு வேலை. எந்தப் பக்கம் குழாயை மாட்டுகிறோம் என்பதுதான் வித்தியாசம்.

காற்று திரும்பி வராமல் தடுப்பது இரண்டு வால்வுகள். பெரும்பாலும் ஒரு துளையின் மேல் ஒரு ஓரம் மட்டும் ஒட்டப்பட்ட தோல் துண்டுதான் வால்வு. துருத்தி விரியும்போது உள்வாய்த் தோல் திறக்கும், வெளிவாய்த் தோல் துளையோடு ஒட்டி மூடிக்கொள்ளும். மூடும்போது நேரெதிர். ஆக, காற்று ஒரே திசையில்தான் போகும். தூசி உள்வாயைத் தாண்டி ஒரு துணிப்பைக்குள் தங்கிவிடும், வெளிவாய் வழியாக வருவது காற்று மட்டும். அந்தத் தோலின் ஓரத்தில் ஒரு மணல் பருக்கை சிக்கினாலும் வால்வு சரியாக மூடாது, பாதி உறிஞ்சல் போய்விடும். அதனால்தான் நல்ல மாடல்களில் துணிப்பை துருத்திக்கு முன்னாலேயே வந்தது.

அப்போ விட்டு விட்டுத்தானே இழுக்கும்?

ஒற்றைத் துருத்தியானால் ஆமாம். மூடுகிற நேரத்தில் வாயில் இழுவை இருக்காது. பாதி தூக்கிய தூசி கம்பளத்திலேயே விழும். இதற்கு வந்த தீர்வு இரட்டைத் துருத்தி. ஒன்று விரியும்போது மற்றொன்று மூடும், இரண்டும் ஒரே குழாயோடு இணைந்திருக்கும். சிகாகோவின் டன்ட்லி போன்ற நிறுவனங்கள் 1910ஐ ஒட்டி விற்ற, தரையில் தள்ளி ஓட்டும் வகைகளில் மூன்று துருத்திகளை ஒரே அச்சில் கோணம் மாற்றி மாட்டும் அமைப்பு வந்தது. எந்தக் கணத்தில் பார்த்தாலும் குறைந்தது ஒன்றாவது விரிந்துகொண்டிருக்கும்.

1901ல பூத் கண்டுபிடிச்சார்னுதான் படிச்சேன். நீங்க 1860ன்னு சொல்றீங்களே?

இரண்டும் சரிதான், பேசுவது வேறு வேறு விஷயத்தை. பூத்துக்கு முன் பெரிய இயந்திரங்கள் பலவும் தூசியை ஊதித் தள்ளின. செயின்ட் லூயிஸின் ஜான் தர்மன் 1899இல் காப்புரிமை பெற்றதும் காற்றை ஊதும் இயந்திரம்தான். லண்டன் எம்பயர் மியூசிக் ஹாலில் அப்படி ஊதும் ஒன்றின் செயல்விளக்கத்தைப் பார்த்த பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத், ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று கேட்டார். பிறகு ஓர் உணவகத்தில் நாற்காலி மெத்தையில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்து இருமினார் என்பது அவரே பின்னாளில் எழுதியது. 1901 ஆகஸ்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

அவருடைய இயந்திரம் குதிரை இழுக்கும் வண்டியில் வரும், எஞ்சின் பம்பை ஓட்டும், நீளக் குழாய்கள் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு முன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்து பெரும் புகழ் வாங்கியது. எஞ்சின் வைத்து உறிஞ்சி, அதைத் தொழிலாக்கியவர் பூத். உறிஞ்சும் யோசனையோ ஹெஸ் காலத்திலேயே வந்துவிட்டது.

எஞ்சின், மோட்டார் எல்லாம் வந்தப்புறமும் ஏன் கையால ஓட்டுற மெஷின் செஞ்சாங்க?

சொல்லப்போனால் கையால் இயக்கும் வகைகளின் பொற்காலமே பூத்துக்குப் பிறகுதான். கம்பளத்துக்குள் எவ்வளவு தூசி இருக்கிறது என்பதை அவருடைய வண்டி ஊருக்கே காட்டிவிட்டது. எல்லா வீட்டுக்கும் அந்த ஆசை வந்தது, ஆனால் கரண்ட் வரவில்லை. அமெரிக்காவில் 1920இல்கூட ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டில்தான் மின்சாரம் இருந்தது. இங்கிலாந்தில் அதைவிடவும் குறைவு. 1908இல் வந்த ஹூவரின் மின் கிளீனர் 60 டாலர்.

அந்த இடைவெளிக்குள்தான் 1905இல் பர்மிங்காமின் வால்டர் கிரிஃபித்ஸ் வந்தார். துருத்தி, வளையும் குழாய், மாற்றி மாட்டும் வாய்கள் என்று வீட்டில் ஒருவரே இயக்கும்படி அவர் அமைத்த கருவியைப் பார்த்தால், இன்றைய கிளீனரின் உருவம் அதில் தெரியும். நியூ ஜெர்சியில் இசைப்பெட்டி செய்துவந்த ரெஜினா நிறுவனமும், கிராமபோன் வந்து தன் தொழில் சரிந்தபோது வாக்குவம் கிளீனர் செய்ய இறங்கியது.

ரெண்டு பேர் சேர்ந்து ஓட்டணும்னு கேள்விப்பட்டேனே?

சில மாடல்களில் அப்படித்தான். 1910ஐ ஒட்டிப் புழங்கிய பேபி டெய்சி என்பதில் ஒருவர் அடிப்பலகையில் நின்று, விளக்குமாற்றுக் கம்பு போன்ற பிடியை முன்னும் பின்னும் ஆட்டித் துருத்தியை இயக்குவார். மற்றவர் குழாயின் வாயைக் கம்பளத்தில் நகர்த்துவார். வேர்ல்விண்டில் ஒருவர் இரண்டு வேலை செய்ய வேண்டிய சிக்கலை இது தீர்த்தது, ஆனால் இரண்டாவது ஆள் வேண்டும். வேலைக்காரர் வைத்திருந்த வீட்டுக்கு அது பெரிதாகத் தெரிந்திருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு 1910 வாக்கில் அமெரிக்காவில் விற்ற கோட்டன் கிளீனர். அதில் ஆள் ஒரு ஆடும் பலகையில் ஏறி நிற்பார். உடம்பின் எடையை இடது காலுக்கும் வலது காலுக்கும் மாற்றி மாற்றிச் சாய்ந்தால் இரண்டு துருத்திகள் மாறி மாறி இயங்கும். இரண்டு கையும் குழாயைப் பிடிக்க மிச்சம். கையைவிடக் காலும் உடல் எடையும் பலமானவை என்பதைப் புரிந்துகொண்டு செய்தது. பலகையை விட்டு இறங்காமல் குழாய் எட்டும் தூரம் மட்டுமே சுத்தமாகும் என்பதுதான் குறை.

சக்கரம் வச்ச மாடல்ல சும்மா தள்ளினாலே போதும்தானே? அதுதானே சுலபம்?

‘சும்மா’ இல்லை. தள்ளும் பலத்திலிருந்துதான் எல்லாம் வர வேண்டும். ஐந்து கிலோ எடையைத் தூக்கும் பலத்தோடு நொடிக்கு அரை மீட்டர் தள்ளினால் கிடைப்பது 25 வாட் சக்திதான். அதில் ஒரு பகுதி கம்பளத்தின் உராய்வுக்கு, ஒரு பகுதி பிரஷுக்கு, ஒரு பகுதி பல்சக்கரங்களுக்குப் போகும். மிச்சம்தான் காற்றுக்கு. அதோடு, கம்பளத்தின் ஓரம் வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் இயந்திரம் நிற்கும், உறிஞ்சலும் நிற்கும்.

இங்கேயும் துருத்திக்கு ஒரு நன்மை உண்டு. அச்சு முன்னால் சுழன்றாலும் பின்னால் சுழன்றாலும் துருத்தி ஒரே மாதிரி இழுக்கும். சக்கரத்தோடு நேராக இணைத்த விசிறியோ திசை மாறும்போதெல்லாம் நின்று திரும்ப வேகமெடுக்க வேண்டும். இருந்தும் 1920களில் கிளீவ்லாந்தின் ஸ்காட் அண்ட் ஃபெட்சர் நிறுவனம், சக்கரம் சுழற்றும் விசிறி வைத்த வாக்குவெட் என்ற மாடலை விற்றது. கரண்ட் எட்டாத வீடுகளுக்கு அது போனது. பின்னாளில் கிர்பி கிளீனரைத் தயாரித்ததும் அதே நிறுவனம்தான்.

சரி, உண்மையிலேயே சுத்தம் பண்ணுச்சா? இல்ல விளம்பரமா?

பண்ணியது, ஒரு வரம்புக்குள். துருத்தி ஒரு இழுப்பில் ஐந்து லிட்டர் காற்று இழுத்து, நொடிக்கு ஒரு இழுப்பு என்றால் நொடிக்கு ஐந்து லிட்டர். இன்றைய கிளீனர் அதுபோல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். காற்று குறைவு என்பதால் வாயை ஒடுக்கமாக வைத்தார்கள். 15 செ.மீ. நீளமும் அரை சென்டிமீட்டர் அகலமும் உள்ள பிளவில் ஐந்து லிட்டர் போனால் காற்றின் வேகம் நொடிக்கு 6 மீட்டரைத் தாண்டும். தளர்ந்த தூசியைத் தூக்க அது போதும். ஆழத்தில் ஒட்டிய மணலுக்குப் போதாது. அதனால்தான் பிரஷும் கூடவே இருந்த மாடல்கள் நன்றாக வேலை செய்தன.

துணிப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெருக்கமாக நெய்த துணியானால் தூசி தங்கும், ஆனால் காற்றுக்குத் தடை கூடி இயக்குவது கடினமாகும். தளர்வாக நெய்ததானால் இயக்குவது சுலபம், நுண்தூசி அறைக்கே திரும்பும். கைப்பலம் அளவானது என்பதால் பலரும் தளர்வான துணியின் பக்கமே சாய வேண்டியிருந்தது.

கடைசியில ஹூவர் என்ன புதுசா செஞ்சாங்க? மோட்டார் மாட்டினது மட்டும்தானா?

அந்த இயந்திரத்தை அமைத்தவர் ஓஹையோவின் கேன்டனில் ஒரு கடையில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர். கூட்டும் தூசியால் ஆஸ்துமா அவரை வாட்டியது. மின்விசிறி மோட்டார், சுழலும் பிரஷ், தூசி பிடிக்கத் தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து ஒன்று செய்தார். 1908 ஜூனில் காப்புரிமை கிடைத்தது. அதை வில்லியம் ஹூவர் வாங்கினார்.

பிரஷ் ஸ்வீப்பரிலிருந்தும், பை துருத்திக் கிளீனரிலிருந்தும் ஏற்கெனவே தெரிந்தவை. விசிறியோ மெக்காஃபி 1869இல் மாட்டியது. முன்னால் போட்ட விசிறிக் கணக்கைத் திரும்பப் பாருங்கள்: வேகம் பத்து மடங்கானால் அழுத்தம் நூறு மடங்கு. கை தர முடியாத அந்த வேகத்தை மோட்டார் தந்தது. துருத்திக்கு வேலை போய், ஒதுக்கப்பட்ட விசிறி திரும்ப வந்தது. மெக்காஃபியின் அமைப்பு தவறு என்று பலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. அவருக்குக் கிடைக்காமல் போனது ஒரு சின்ன மோட்டார் மட்டுமே.

பழசு ஒண்ணு கைக்குக் கிடைச்சா ஓட்டிப் பாக்கலாமா?

எடுத்தவுடன் ஆட்டிவிடாதீர்கள். நூறு வருடத் தோல் மடிப்புகளில் விறைத்துப்போயிருக்கும். ஒரே இழுப்பில் கிழியும். கிழிந்த மடிப்பை ஒட்டுப்போட்டாலும் காற்று கசியும். முதலில் எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே படம் எடுத்து வையுங்கள். பிறகு வால்வுத் தோல்கள் இருக்கின்றனவா, துளையோடு படிகின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துணிப்பைக்குள் பழைய தூசி இருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெட்டவெளியில் வைத்துத் திறப்பது நல்லது.

இயக்கம் எப்படி என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால் அசலைத் தொட வேண்டியதே இல்லை. இரண்டு ஒட்டுப்பலகை, நடுவில் ரெக்ஸின் துணி, இரண்டு துளை, அவற்றின் மேல் சைக்கிள் டியூபில் வெட்டிய இரண்டு வால்வு, முன்னால் ஒரு குழாய், அதில் ஒரு துணி வடிகட்டி. இவ்வளவு இருந்தால் கிரிஃபித்ஸின் இயந்திரம் எப்படி இழுத்தது என்று கையாலேயே உணரலாம். குழாயின் வாயை அகலமாகவும் ஒடுக்கமாகவும் மாற்றி மாற்றி, மேசையில் கொட்டிய மாவை இழுத்துப் பாருங்கள்.